ஜம்போ ஐஸ் குச்சியில் பொம்மை வீட்டு மாடிப்படி: எது நிற்கும், எது பல்லை இளிக்கும்

பாரிமுனை பண்டர் தெருக் கடைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் ஜம்போ ஐஸ் குச்சி, பொம்மை வீட்டு மாடிப்படிக்கு அருமையான சரக்கு. ஆனால் மிதிக்கிற பலகைக்கு மட்டும்தான். வாங்கியதுதான் வாங்கினோம், படிகளை இரு பக்கமும் தாங்கும் பக்கப் பலகையையும் அதிலேயே ஒட்டி எடுத்துவிடலாம் என்று இறங்கினால் நாலாவது படியிலேயே கோணிக்கொள்ளும். மாடிப்படி பார்க்க லட்சணமாக இருப்பது மிதிபலகையால். நேராக நிற்பது பக்கப் பலகையால். இரண்டுக்கும் வேறு வேறு பொருள் வாங்க வேண்டும்.

முதலில் அளவு. பொம்மை வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும் கணக்கு, ஒரு அடிக்கு ஒரு அங்குலம். கொலுவில் வைக்கும் ஆறு அங்குல மரப்பாச்சி இந்தக் கணக்குக்கு ஆறடி ஆள், சரியாகப் பொருந்தும். பார்பி பொம்மை பதினொன்றரை அங்குலம். அதற்கு எல்லா அளவும் இரட்டிப்பாகும், ஐஸ் குச்சி எட்டாது. இங்கே சொல்வது மரப்பாச்சி வீட்டுக்கு: கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் வரை 240 மி.மீ. உயரம், படி ஒன்றுக்கு 15 மி.மீ. ஏற்றம், ஆக 16 ஏற்றம். பதினாறாவது ஏற்றம் மாடித் தளத்தின் விளிம்பிலேயே முடிவதால் மிதிபலகை 15 போதும்.

ஜம்போ குச்சி சாதாரணமாக 150 மி.மீ. நீளம், 18 மி.மீ. அகலம், 2 மி.மீ.க்குச் சற்று முன்பின் கனம். கனத்தை ஒற்றைக் குச்சியில் அளக்காதீர்கள். பத்துக் குச்சியை அடுக்கி ஸ்கேல் வைத்து, வந்ததைப் பத்தால் வகுங்கள். 1.6 வந்தால் கீழே 2 என்று வரும் இடத்திலெல்லாம் 1.6 போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு முனையின் வளைவுக்கும் 9 மி.மீ. வீதம் கழித்தால் நேரான பகுதி 132 மி.மீ. படியின் அகலத்தை 65 மி.மீ. என்று வைத்தால் ஒரு குச்சிக்கு இரண்டு பலகை கிடைக்கும், ரம்பம் தின்னும் தடத்துக்கு 2 மி.மீ. மிஞ்சும். மூன்றடி அகலம் வேண்டும் என்று 76 மி.மீ. எடுத்தால் குச்சிக்கு ஒரு பலகைதான், மிச்சம் குப்பை. ஆக எட்டுக் குச்சியில் முழுப் படியும் முடிந்துவிடும். ஐம்பது குச்சி பாக்கெட் வாங்குவது பொறுக்கி எடுக்கத்தான். வில்லாக வளைந்ததை ஒட்டும்போது அழுத்திச் சரிசெய்யலாம். மின்விசிறி இறக்கை போல முறுக்கிக்கொண்டதை எதுவும் செய்ய முடியாது, ஒதுக்கிவிடுங்கள்.

கத்தரிக்கோல் வேண்டாம், நாரோடு பிளந்துவிடும். கட்டரால் கீறி ஒடித்தால் ஓரம் சிலும்பும். பல் நெருக்கமான ஆக்சா பிளேடுதான் சரி. அங்குலத்துக்கு 32 பல் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கட்டைத் துண்டு ஒன்றில் 65 மி.மீ. தள்ளி ஒரு தடுப்பை ஒட்டி, குச்சியை அதில் முட்டவைத்து அறுத்தால் பதினைந்தும் ஒரே அளவில் வரும். ஓரங்களை 220 நம்பர் உப்புத்தாளில் தேய்த்தால் போதும்.

இனி பக்கப் பலகை. இதில்தான் பணமும் பொறுமையும் போக வேண்டும். கடைகளில் கிடைப்பது நாலு வகை.

பால்சா மரம் வெண்ணெயாக அறுபடும். ஆனால் படி படியாக வெட்டிய மூலைகளில் நார் குறுக்கே ஓடுவதால், மிதிபலகையை அழுத்தி ஒட்டும்போதே முனை உடைந்து விழும். 3 மி.மீ. எம்.டி.எஃப்.பை லேசரில் வெட்டித் தருகிறார்கள். அளவு துல்லியம், இரண்டு பக்கமும் அச்சு எடுத்ததுபோல ஒன்றாக இருக்கும். கருகிய விளிம்பில் பசை சரியாகப் பிடிக்காது என்பதால் ஒட்டும் இடத்தைத் தேய்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு படிக்காக லேசர் கடைக்கு அலைவது அவரவர் விருப்பம்.

மற்ற இரண்டில்தான் குழப்பம். ஃபோம் போர்டு என்று கேட்டால் சில கடைகளில் நடுவில் தெர்மாகோல், இரு பக்கமும் காகிதம் ஒட்டியதைத் தருவார்கள். சில கடைகளில் சன்போர்டு என்கிற பி.வி.சி. பலகையைத் தருவார்கள். வெட்டிய விளிம்பை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பொதபொதவென்று உள்ளே போனால் தெர்மாகோல், கெட்டியாக எதிர்த்து நின்றால் சன்போர்டு. நமக்கு வேண்டியது 5 மி.மீ. சன்போர்டு. தெர்மாகோல் வகையில் ரப்பர் பசையோ ஸ்ப்ரே பெயிண்டோ பட்டால் விளிம்பு கரைந்து குழியாகிவிடும். சன்போர்டு கட்டரிலேயே வெட்டுப்படும், ஐப்பசி ஈரத்துக்கும் உப்பாது, நெளியாது.

வெட்டுவதற்கு மில்லிமீட்டர் கிராஃப் தாளில் வரையுங்கள். குறுக்கே 16, மேலே 15, மறுபடி குறுக்கே 16. குறுக்களவு ஏன் 16 என்றால், 18 மி.மீ. பலகையில் 2 மி.மீ. முன்னால் மூக்காக நீட்டிக்கொள்ள வேண்டும். மொத்த ஓட்டம் 240 மி.மீ., சாய்வு சுமார் 43 டிகிரி. நிஜ வீட்டுக்கு இது செங்குத்து. இடம் சுருங்கிய பொம்மை வீட்டுக்குக் கண்ணை உறுத்தாது. ஒவ்வொரு படியையும் முந்தைய படியிலிருந்து அளந்து போகாதீர்கள்: படிக்கு அரை மி.மீ. பிசகினால் பதினைந்தாவது படியில் ஏழரை மி.மீ. எகிறிவிடும். எல்லாக் கோட்டையும் ஒரே மூலையிலிருந்து அளந்து போடுங்கள். பக்கப் பலகையின் நீளம் 350 மி.மீ., அகலம் 35 மி.மீ. வெட்டு சுமார் 11 மி.மீ. ஆழம் போகும் என்பதால் 30க்குக் கீழே குறைத்தால் முதுகெலும்பு மெலிந்து ஆடும்.

கட்டரை உள்மூலையில் வைத்து வெளிநோக்கி இழுக்க வேண்டும். வெளியிலிருந்து உள்ளே இழுத்தால் மூலையைத் தாண்டிக் கீறிவிடும், பின்னால் அங்கேதான் விரிசல் விடும். ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காமல் மூன்று தடவை கீறுங்கள். பிளேடு முனையை அவ்வப்போது ஒடித்துப் புதிதாக்குங்கள்.

பலரும் கோட்டை விடுவது இனிமேல்தான். வெட்டு 15 மி.மீ. வீதம் சரியாக இருக்கிறது, அதன் மேல் 2 மி.மீ. பலகையை ஒட்டுகிறோம். உடனே முதல் படி தரையிலிருந்து 17 மி.மீ. ஆகிவிடும்; மேலே கடைசி ஏற்றம் 13க்கு இறங்கிவிடும். நடுவில் எல்லாம் சரியாக இருப்பதால் எங்கே தப்பு என்றே பிடிபடாது. பக்கப் பலகையின் அடியில் பலகைக் கனம் அளவுக்கு, அதாவது 2 மி.மீ., சீவி எடுத்தால் தீர்ந்தது. நிஜ வீட்டுக்கு மரப்படி போடும் ஆசாரிகளும் இதைத்தான் செய்கிறார்கள்.

ரைசருக்கு, அதாவது ஒவ்வொரு மிதிபலகைக்கும் அடியில் செங்குத்தாக நிற்கும் பட்டைக்கு, ஒன்றரை மி.மீ. மவுண்ட் போர்டு என்கிற கெட்டி அட்டை போதும். ஏ4 அளவில் கால் பங்கு. 62 மி.மீ. அகலத்தில் 15 மி.மீ. உயரப் பட்டை பதினாலு, முதல் படிக்கு மட்டும் 13 மி.மீ. பட்டை ஒன்று. வெள்ளை பெயிண்ட் அடிப்பதானால் இரண்டு பக்கமும் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் சுருண்டுகொள்ளும்.

மிதிபலகைக்கு நிறம் ஏற்றுவது ஒட்டுவதற்கு முன்னால். பசை ஊறிய இடத்தில் சாயம் ஏறாது, வெள்ளைத் திட்டு விழும். கடையில் உட் ஸ்டெயின் இருக்கிறது. கெட்டியான காபி டிகாக்‌ஷன் இரண்டு கோட்டும் அழகான பழுப்பு தரும், செலவும் மிச்சம். ஈரம் பட்டதும் நார் எழும்பும் என்பதால் காய்ந்தபின் இன்னொரு தடவை தேய்க்க வேண்டும். காயும்போது மேலே கனமான புத்தகம் இருக்கட்டும்.

ஒட்டுவது: இரண்டு பக்கப் பலகைக்கும் நடுவில் 52 மி.மீ. கட்டைகளை வைத்து நிறுத்துங்கள். முதலில் ரைசர் எல்லாம், பிறகு கீழிருந்து மேலாக மிதிபலகை. பலகை சுவர்ப்பக்கம் சமமாக, மறுபக்கம் 3 மி.மீ. வெளியே நீட்டியிருக்கும். வெள்ளைப் பசை ஈரத்தை உறிஞ்சும் பொருளில்தான் பிடிக்கும், சன்போர்டு உறிஞ்சாது. அதனால் ரைசரை சன்போர்டில் ஒட்ட குவிக் பசை, ஜெல் வகையாக இருந்தால் நல்லது. மிதிபலகைக்கு இரண்டும் வேண்டும்: ரைசரின் மேல் விளிம்பு நெடுக ஃபெவிகால் ஒரு மெல்லிய கோடு, சன்போர்டு படும் இரண்டு மூலையில் குவிக் பசை ஒரு பொட்டு. பொட்டு உடனே பிடித்து நிறுத்தும், கோடு மறுநாளைக்குள் இறுகி நிரந்தரமாகத் தாங்கும். குவிக் பசை காற்றின் ஈரத்தில் இறுகுவது. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் சட்டென்று பிடிக்கும், ஆனால் சுற்றிலும் வெண்மையாகப் பூக்கும். டிகாக்‌ஷன் நிறத்தின் மேல் அது பளிச்சென்று தெரியும். சொட்டைக் குறைத்து, மின்விசிறிக்கு நேராக வைத்தால் பூப்பது குறையும். குளூ கன் இந்த வேலைக்கு ஆகாது: உருண்டையாகத் திரண்டு பலகையைத் தூக்கிவிடும், மே மாதத்துக் காருக்குள் வைத்தால் இளகியும் போகும்.

கைப்பிடிக் கம்பிக்குப் பல்குச்சி என்று பலர் சொல்வார்கள். 65 மி.மீ. நீளத்தில் இரண்டு கூர்முனையையும் வெட்டினால் குட்டையாகிவிடும். நிஜத்தில் மூன்றடி உயரக் கைப்பிடி இங்கே 75 மி.மீ. அதற்கு 3 மி.மீ. மூங்கில் பார்பிக்யூ குச்சிதான் பொருத்தம், 200 மி.மீ. குச்சிக்கு இரண்டு கம்பி வீதம் எட்டுக் குச்சி போதும். மிதிபலகையில் ஓரத்திலிருந்து ஐந்தரை மி.மீ. உள்ளே துளையிட்டால் கம்பி நேராகச் சன்போர்டுக்குள் இறங்கி ஆடாமல் நிற்கும். ஜம்போ குச்சியை அறுப்பதற்கு முன்பே, அடியில் ஒரு கட்டையை வைத்துத் துளையிடுங்கள். அறுத்த பிறகு முனையருகே துளையிட்டால் பிளக்கும். மேலே ஓடும் கைப்பிடிக்கு ஐஸ் குச்சியை ஒட்டுப்போடாமல் மரக்கடையில் மெல்லிய பீடிங் பட்டை ஒன்று கேளுங்கள்.

பண்டர் தெருவுக்கு மண்ணடி மெட்ரோவில் இறங்கி நடப்பது வண்டி நிறுத்த இடம் தேடுவதைவிடச் சுலபம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடை மூடியிருக்கும். மவுண்ட் போர்டு பக்கத்து ஆண்டர்சன் தெருவின் காகிதக் கடைகளில் கிடைக்கும். சன்போர்டை முழு ஷீட்டாகத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். போர்டு எழுதும் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டைக் கேட்டால் நமக்கு வேண்டிய 350 மி.மீ. பட்டை இரண்டு தாராளமாகத் தேறும்.