நாயின் காதுத் தொற்றைத் தடுக்க மீன் எண்ணெயா, புரோபயாடிக் பொடியா?

எங்கள் வீட்டு லாப்ரடாருக்கு ஒரே ஆண்டில் மூன்று முறை காதில் தொற்று கண்டது. சொட்டு மருந்து போட்டால் ஆறிவிடும். நிறுத்திய சில வாரங்களில் காதுமடலைத் தூக்கினால் புளித்துப்போன இட்லி மாவின் வாடை மீண்டும் வீசும். மூன்றாம் முறை கால்நடை மருத்துவர் காதழுக்கைக் கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் மலசீசியா என்னும் ஈஸ்டைக் காட்டினார். அது நலமான நாயின் தோலிலும் வாழ்வதுதான் என்றும், ஒவ்வாமையால் காதின் உட்தோல் தடித்து ஈரமும் மெழுகும் கூடும்போதே அளவுமீறிப் பெருகுகிறது என்றும் விளக்கினார். ஆகவே, துணைச்சத்து எதுவாயினும் அது கிருமியைக் கொல்வதற்கன்று. அழற்சியைத் தணித்து, தொற்று திரும்பும் வாய்ப்பைக் குறைப்பதற்கே. வலியில் தலையைச் சாய்த்து நடக்கும் நாய்க்கு மருத்துவரே தேவை.

எங்கள் முன் இருந்தவை இரண்டு. புரோபயாடிக், அதாவது குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அடங்கிய பொடியைச் சோற்றில் தூவினால் போதும். நாய் முகம் சுளிக்காது, மலமும் நன்கு கட்டியது. காதில் மட்டும் மாற்றம் தெரியவில்லை. இரண்டு மாதம் மட்டுமே கொடுத்தேன் என்பதால் அதைப் பயனற்றது என்று ஒதுக்க மாட்டேன். வயிறும் கெட்டிருக்கும் நாய்க்கு அதையே முதலில் பரிந்துரைப்பேன்.

நான் தேர்ந்தது மீன் எண்ணெய். அதிலுள்ள இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள், அழற்சியைத் தூண்டும் பொருள்கள் உடலில் உருவாவதைக் குறைக்கின்றன. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் இதற்கு ஈடாகாது; அதிலுள்ள ஒமேகா-3-ஐ நாயின் உடல் இ.பி.ஏ.வாக மாற்றுவது மிகக் குறைவு. ஏ, டி வைட்டமின்கள் மிகுந்த மீன் ஈரல் எண்ணெயை மீன் எண்ணெயின் அளவில் கொடுப்பதும் ஆபத்து.

இதில் முடிவைத் தீர்மானிப்பது விலையன்று, எண்ணெய் கெடாமல் இருப்பதே. அழுத்திப் பீய்ச்சும் புட்டியில் ஒரு மில்லிகிராம் ஒமேகா-3 மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் திறந்த நாள் முதல் காற்றும் வெப்பமும் அதைச் சிக்குப் பிடிக்க வைக்கின்றன. சென்னையின் மே மாதத்தில் சமையலறை அலமாரியில் வைத்த புட்டி, பாதி தீர்வதற்குள் பழைய பெயின்ட் போல நாறியது. சிக்குப் பிடித்த எண்ணெய் பயனை இழப்பதோடு, உடலிலுள்ள வைட்டமின் ஈ-யையும் கரைக்கும். அதனால் மனிதர்களுக்கான காப்ஸ்யூலுக்கு மாறினேன். 1000 மில்லிகிராம் காப்ஸ்யூலில் பெரும்பாலும் 180 இ.பி.ஏ.வும் 120 டி.எச்.ஏ.வும் சேர்ந்து 300 மில்லிகிராம்தான் இருக்கும். அட்டையில் பெரிதாக அச்சிட்ட எண்ணை நம்பாமல் இந்தக் கூட்டலைப் பார்க்க வேண்டும். 28 கிலோ எடையுள்ள எங்கள் நாய்க்கு மருத்துவர் சொன்னபடி நாளொன்றுக்கு நான்கு. சிறு டப்பாவாக வாங்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறேன். ஒவ்வொரு டப்பாவிலும் முதல் காப்ஸ்யூலை ஊசியால் குத்தி முகர்ந்த பிறகே கொடுக்கிறேன்.

நான்கு காப்ஸ்யூல் ஏறக்குறைய 36 கலோரி என்பதால் ஒரு சிறு பிடி சோற்றைக் குறைத்தேன். தொடக்க வாரத்தில் மலம் இளகியதால் மீண்டும் ஒன்றில் தொடங்கி மெல்லக் கூட்டினேன். இரத்தம் உறைவதை இது சற்றே தாமதப்படுத்தக்கூடும் என்பதால், அறுவை சிகிச்சை இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒன்பது மாதத்தில் தொற்று ஒரே முறை, ஐப்பசி மழையில் வந்தது. குளிப்பாட்டியதும் காதைத் துடைத்து உலர்த்தும் பழக்கத்தையும் அதே சமயத்தில்தான் தொடங்கினோம் என்பதால், பலன் முழுவதையும் எண்ணெயின் கணக்கில் எழுத என்னால் இயலாது.