நோன்பு மாதத்தில் இருபது நாள் அரபு: சுங்கை சிப்புட் தங்கல் வகுப்பு எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கிறது இந்த வகுப்பு. ரமலான் முதல் பிறையில் தொடங்கி 20 நாள், அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். சஹர் (விடியலுக்கு முந்திய சாப்பாடு), நோன்பு திறப்பு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து 480 ரிங்கிட். கடைசிப் பத்து இரவுகளுக்கு முன்பே முடித்துவிடுகிறார்கள். அந்த இரவுகளை இபாதத்துக்கு (வணக்கத்துக்கு) விட்டுவைத்தது நல்ல முடிவு.

நோன்பில் நடக்கும் வகுப்பு தேறுமா தேறாதா என்பதை நேர அட்டவணையே சொல்லிவிடும். இப்போது ரமலான் பிப்ரவரி, மார்ச்சில் வருவதால் இங்கே சுபுஹு (வைகறைத் தொழுகை) காலை 6:15 வாக்கில், நோன்பு திறக்கும் மஃரிபு மாலை 7:30 வாக்கில். சஹர் வயிற்றில் இருக்கும்போதே, 6:45 முதல் 9 மணி வரை இலக்கணத்தை வைத்திருக்கிறார்கள். பிறகு ஒன்றரை மணி நேரத் தூக்கம். 10:30 முதல் 12:30 வரை பேச்சு. சுபுஹு முதல் லுஹர் (நண்பகல் தொழுகை) வரை மாணவர்கள் தங்களுக்குள் அரபு தவிர வேறு மொழி பேசக்கூடாது. இவ்வளவும் சரி.

கோளாறு மாலை 4 மணி உச்சரிப்புப் பயிற்சியில் இருக்கிறது. ஐன், ஹா, காஃப் என்ற அரபு எழுத்துகள் எல்லாம் தொண்டையிலும் அடிநாக்கிலும் பிறப்பவை. வாய் வறண்ட நேரத்தில் அழுத்திச் சொன்னால் தொண்டை கமறும்; கமறாமல் இருக்க மாணவர் ஐனை வெறும் 'அ' ஆக்கிவிடுவார். ஒரு வாரம் அப்படிப் பழகினால் திருத்துவது கடினம். இந்த அரைமணி நேரத்தைக் காலை 6:45க்கு மாற்றி, மாலையில் காதால் கேட்கும் பாடத்தை வைத்தால் போதும்.

அடுத்த குறை, கையில் கொடுக்கும் தாள்கள். அரபுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அரபில் வேறுபடும் சொற்கள் அதில் ஒன்றாகிவிடுகின்றன: இதயமும் 'கல்ப்', நாயும் 'கல்ப்'. வாளும் 'ஸைஃப்', கோடையும் 'ஸைஃப்'. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் தமிழையே அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழ் வளர்த்தார்கள்; நாம் அரபைத் தமிழ் எழுத்துக்குள் அடைக்க வேண்டியதில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, ஹரக்கத்து (உயிர்க்குறி) போட்ட அரபு எழுத்திலேயே குறிப்பெடுங்கள். ஜாவி (மலாயை எழுதும் அரபு எழுத்து) படித்த பிள்ளைகள் எழுத்துகளைச் சட்டென்று அடையாளம் காண்பார்கள். ஆனால் ஜாவியில் பெரும்பாலும் உயிர்க்குறி இடுவதில்லை என்பதால் மலாய் ஓசையை ஊகித்துப் படித்துவிடுவார்கள். அவர்களுக்குத்தான் ஹரக்கத்து அதிகம் தேவை.

பாடநூல், வாணியம்பாடியில் பிறந்த வி. அப்துர் ரஹீம் மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்துக்காக எழுதியது. முதல் பாகத்தில் 23 பாடங்கள். 20 நாளில் அத்தனையையும் முடிக்க ஓடுகிறார்கள். 15 பாடத்தில் நின்றாலே நன்றாக ஊறும்.

ஆசிரியர் விளக்கத்தை ஆங்கிலத்தில் சொல்வதுதான் எங்களுக்கு மிகவும் வருத்தம். 'ஹாதா பைதுன்' என்பதில் வினைச்சொல்லே இல்லை என்று பத்து நிமிடம் வியக்க வைக்கிறார். 'இது வீடு' என்று சொல்லும் பிள்ளைக்கு அதில் என்ன வியப்பு? 'இந்தீ கிதாபுன்' அப்படியே 'என்னிடம் புத்தகம்'. பல புத்தகங்களைப் பெண்பால் ஒருமையாக்கி 'அல்குதுபு ஜதீததுன்' என்று ஏன் சொல்ல வேண்டும் என்று மாணவர்கள் திணறுகிறார்கள். 'புத்தகமெல்லாம் புதுசா இருக்கு' என்று நாமும் அஃறிணைப் பன்மைக்கு ஒருமை வினைதான் போடுகிறோம். உயர்திணை, அஃறிணை என்ற இரண்டு சொல்லில் முடிகிற பாடம் இது. வேர்ச்சொல்லும் அப்படித்தான். தமிழின் 'மகசூல்', மலாயின் 'ஹாசில்' இரண்டும் ஹா, ஸாத், லாம் என்ற ஒரே அரபு வேர். 'வசூல்' மட்டும் வேறு வேர். அது வாவில் தொடங்கும். செம்பனைக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைகளிடம் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எதற்கு?

சமையலறைக்கு முழு மதிப்பெண் தரலாம். தினம் இரண்டு பேர் நோன்புக் கஞ்சி காய்ச்ச வேண்டும். மற்றவர்கள் அரபியில்தான் ஏவ வேண்டும். இக்ஸில் என்றால் கழுவு, இக்தஃ என்றால் வெட்டு, ஹர்ரிக் என்றால் கிளறு, ஸுப்ப என்றால் ஊற்று. முதல் பாகத்தில் பெரும்பாலும் பெயர்ச்சொல் வாக்கியங்கள்தான். ஏவல் வினை நாவில் ஏறுவது இங்கேதான். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தை எண்ணச் சொல்வதும் அருமை. ஒன்று தம்ரதுன், இரண்டு தம்ரதானி, மூன்று ஸலாஸு தமராத். ஒருமை, இருமை, பன்மை மூன்றும் ஒரே தட்டில் வந்துவிடுகின்றன. ஆனால் ஆசிரியர் கெய்ரோ வழக்குக்குப் பழகியவர். 'வேண்டும்' என்பதற்கு வகுப்பில் 'உரீது' என்பவர் சாப்பாட்டில் 'ஆயிஸ்' என்கிறார், ஜீம் எழுத்தை 'க' ஆக ஒலிக்கிறார். தொடக்க மாணவர் குழம்பிப்போகிறார். முதல் பத்து நாளாவது மேசையிலும் ஏட்டு வழக்கே பேசச் சொல்லுங்கள்.

தராவீஹுக்கு (ரமலான் இரவுத் தொழுகைக்கு) முன் பத்து வினைச்சொற்களை எழுதிப்போட்டு, அன்று ஓதப்படும் ஜுஸுவில் (குர்ஆனின் முப்பதில் ஒரு பகுதியில்) அவற்றைக் காதால் பிடிக்கச் சொல்கிறார்கள். ஒரு ஜுஸு 20 பக்கம். மூன்று நான்கு சொல் பிடிபட்டாலே மாணவர் முகம் மலர்ந்துவிடுகிறது.

ரமலான் சந்தைக்கு அழைத்துப்போவதை நிறுத்தலாம். அங்கே அரபு பேச ஆளில்லை.

குர்ஆன் ஓதத் தெரியாதவர்கள் மூன்று வாரம் அரபு எழுத்துப் படித்துவிட்டுச் சேருங்கள். தினம் மூன்று நான்கு தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) குடிப்பவர்கள், நோன்புக்கு ஒரு வாரம் முன்பே ஒன்றாகக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் நாலு நாள் மதியம் தலைவலி வரும். வகுப்பின் அடித்தளப் பாடங்கள் அந்த நாலு நாளில்தான் நடக்கின்றன.