மணிலாவில் ஷெங்கன் விசா அப்பாயின்ட்மென்ட் ஸ்லாட் வாங்கித் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் ஜாக்கிரதை: எங்களுக்கு 46,500 பெசோ போச்சு

46,500 பெசோ. நம்ம ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட எழுபதாயிரம் ரூபாய். நேற்று சாயங்காலம் அந்த ஏஜென்சி என் மனைவியின் எண்ணை பிளாக் செய்துவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நாகரிகமாக எழுதத் தோன்றும், அதனால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. மணிலா, செபு, தாவாவோ என்று பிலிப்பைன்ஸில் இருக்கும் தமிழர்கள், அதிலும் வீட்டில் பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவர் இருந்தால், தயவுசெய்து படியுங்கள். என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

என் மனைவி இலோய்லோக்காரி. அவளுடைய அக்கா மிலானில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார். அவர் மகளுக்கு இந்த வருஷம் பதினெட்டு வயது. பிலிப்பினோ குடும்பங்களில் பெண்ணுக்குப் பதினெட்டு ஆவது நம் வீட்டுச் சடங்கு மாதிரி. மண்டபம் பிடித்து, ஊரைக் கூட்டிச் செய்வார்கள். சித்தி வராமல் எப்படி? எனக்கு ஆபீஸ் பயணத்துக்காக எடுத்த மல்டிபிள் என்ட்ரி விசா கையில் இருந்தது. அவளுக்கு மட்டும்தான் எடுக்க வேண்டும்.

செலவைப் பார்த்தால் பெரிய விஷயமே இல்லை. இத்தாலி உட்பட 29 ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவுக்கு ஜூன் 2024-லிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, சுமார் ஆறாயிரம் பெசோ. அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். சிக்கல் அப்பாயின்ட்மென்ட்டில்தான். ஐரோப்பாவில் கோடை நெருங்க நெருங்க எந்த நேரத்தில் தளத்தைத் திறந்தாலும் காலண்டர் முழுக்கச் சாம்பல் நிறமாகவே இருக்கும், ஒரு நாள்கூடக் காலி இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பார்த்தாலும் அதே கதை. இந்தப் பொந்துக்குள்தான் ஸ்லாட் விற்பவர்கள் குடியிருக்கிறார்கள்.

ஏஜென்சியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. காரணம் பின்னால் வரும். முகநூல் பக்கத்தில் ஆள் பிடித்து, ஒரு மாலின் மேல்தளத்தில் சின்ன அறை வைத்து நடத்தும் விசா உதவிக் கடை. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க விசா ஒட்டிய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் மனிதர்கள்.

சுவரைப் பார்த்தெல்லாம் நாங்கள் நம்பவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்துத்தான் நம்பினோம். என் மனைவி இரண்டு வார்த்தை பேசியதுமே "மாம் இலோய்லோவா?" என்று கேட்டு, சட்டென்று அந்த ஊர் மொழியான இலோங்கோவுக்கு மாறிவிட்டாள். மணிலாவில் டகாலோக் பேசியே களைத்துப்போனவளுக்கு அது போதும். எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம் என்று பேச்சு ஓடியது. நான் ஓரமாக உட்கார்ந்து ஃபைலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஃபைலை வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். பி.எஸ்.ஏ. (பிலிப்பைன்ஸ் அரசின் புள்ளிவிவரத் துறை) தரும் பிறப்புச் சான்று, திருமணச் சான்று, 2316 வரிப் படிவம், ஆபீஸ் கடிதம், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், அக்காவின் அழைப்புக் கடிதம், அவருடைய இத்தாலிய வசிப்பு அனுமதியின் நகல். பேங்க் சர்டிபிகேட்டில் வந்ததும் பேனாவால் தட்டி, "இதில் சராசரி தினசரி இருப்பு இல்லையே மாம், மறுபடி வாங்குங்கள்" என்றாள். அடுத்து ஆபீஸ் கடிதம்: "லீவு அனுமதித்த தேதிகள் இல்லை, எப்போது வேலைக்குத் திரும்புவீர்கள் என்று ஒரு வரி வேண்டும்." இரண்டுமே சரி. தொழில் தெரிந்தவள் சொல்கிற பேச்சு. முட்டாள் ஏமாற்றினால் வாசலிலேயே தெரிந்துவிடும். வேலை தெரிந்தவள் ஏமாற்றினால் யாருக்குத் தெரியும்?

கணக்கு இப்படி: ஸ்லாட்டுக்கு 15,000. விசா கட்டணமும் மையத்தின் கட்டணமும் சேர்த்து 9,500. இன்சூரன்ஸுக்கும் டிக்கெட் ரிசர்வேஷனுக்கும் 7,000. ஃபைல் தயாரிக்க 9,000. அப்புறம் "ஏர்போர்ட் அசிஸ்ட்" என்று 6,000. மணிலா விமான நிலைய இமிகிரேஷனில் கேள்விக்குச் சரியாகப் பதில் வராவிட்டால், விசா இருந்தாலும் ஆளை ஏற்றாமல் திருப்பி அனுப்புவதுண்டு. "ஆஃப்லோட்" என்ற சொல்லைக் கேட்டாலே பிலிப்பினோக்களுக்கு வயிற்றைக் கலக்கும். அந்தப் பயத்துக்கும் விலை போட்டிருந்தாள் புண்ணியவதி. மொத்தம் 46,500.

முன்பணம் 20,000 கொடுத்தோம். மிச்சம் அப்பாயின்ட்மென்ட் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் என்று அவளே சொன்னாள். அதுவும் நியாயமாகத்தானே இருக்கிறது! ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கடிதம் வந்தது. லோகோ, பார்கோடு, மனைவியின் பாஸ்போர்ட் எண், எல்லாம் கச்சிதம். ஸ்லாட் இரண்டு மணி நேரம்தான் நிற்கும், மிச்சத்தை உடனே அனுப்புங்கள் என்றாள். கம்பெனி கணக்கில் "மெயின்டனன்ஸ்" என்று சொல்லி ஒரு தனிநபரின் இ-வாலட் எண்ணைக் கொடுத்தாள். 26,500 போனது. ரசீதாக வந்தது வெறும் கையெழுத்துத் தாள். வரித்துறைப் பதிவு எண் அச்சிட்ட இன்வாய்ஸ் இல்லை.

குறித்த நாள் காலையில் விசா மையத்துக்குப் போனோம். வாசலில் பார்கோடை ஸ்கேன் செய்த பையன் இரண்டு தடவை பார்த்தான். "மாம், இந்த எண் வேறொருவருடையது. அவர்கள் போன மாதமே வந்து போய்விட்டார்கள்." அவன் குரலில் ஆச்சரியமே இல்லை. இப்படி வருகிறவர்கள் நிறைய போல. அப்பாயின்ட்மென்ட்டை யாரும் காசுக்கு விற்கக் கூடாது என்ற அறிவிப்பு அவனுக்குப் பின்னாலேயே ஒட்டியிருந்தது.

அதோடு முடிந்திருந்தால் பணம்தான் நஷ்டம். கவுன்ட்டரில்தான் பிரிக்க வேண்டும் என்று சொல்லி ஏஜென்சி ஒட்டிக் கொடுத்த பழுப்பு உறையை அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்து பிரித்தோம். பேங்க் சர்டிபிகேட்டில் மூன்று லட்சத்துச் சொச்சமாக இருந்த தொகை எட்டு லட்சமாகியிருந்தது; கீழே அதே மேனேஜர் கையெழுத்து. ஆபீஸ் கடிதத்தில் அக்கவுன்டன்ட்டாக இருந்தவள் ஃபைனான்ஸ் மேனேஜர் ஆகியிருந்தாள். யார் கேட்டார்கள் இதை? அவளுடைய உண்மையான கணக்கே போதுமானதாக இருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தால் அப்படி ஒரு பாலிசியே கிடையாது என்றார்கள். இந்த ஃபைல் உள்ளே போயிருந்தால் பொய் ஆவணம் என்ற காரணம் போட்டு விசா மறுத்திருப்பார்கள். அந்தப் பதிவு ஐரோப்பிய விசா தகவல் அமைப்பில் ஐந்து வருஷம் கிடக்கும். 29 ஷெங்கன் நாடுகளும் பார்க்கும். கையெழுத்துப் போட்டவள் என் மனைவி. ஏஜென்சியின் பெயர் அதில் எங்கும் இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது சமாதானப் படலம். முதலில் "சிஸ்டம் எரர் மாம், மையத்தின் தவறு." அடுத்து "டாகுமென்டேஷன் டீமிடம் கேட்கிறேன்." அந்த அறையில் மொத்தமே இரண்டு நாற்காலி, டீம் எங்கே உட்காரும்? பிறகு, ரீஃபண்ட் ஃபைனான்ஸ் டீமிடம் போயிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்கு முன் ஒன்றும் நடக்காது. வெள்ளிக்கிழமை வந்ததும் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் நெருங்குகிறது, எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். புனித வாரம் முடிந்ததும் முப்பது வங்கி வேலைநாள். ஒவ்வொரு பதிலிலும் மறக்காமல் கைகூப்பும் பொம்மை ஒன்று. நடுவில் வெட்கமே இல்லாமல், இன்னும் 8,000 கட்டினால் கிரீஸ் ஸ்லாட் உடனே கிடைக்கும், ஏதென்ஸில் ஹோட்டல் புக்கிங் காட்டிவிட்டு மிலான் போய்க்கொள்ளலாம் என்றாள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. அதை அவளே முதல் நாள் எங்களுக்குப் பாடம் எடுத்திருந்தாள்!

நான் நேரில் போனேன். அறை பூட்டிக்கிடந்தது. பக்கத்து நகப்பூச்சுக் கடைப் பெண் என் ஃபைலைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினாள்.

கடைசியில் "லீகல்" என்று சொல்லிக்கொண்டு ஒரு ஆள் பேசினான். சேவை வழங்கப்பட்டுவிட்டது, 46,500 திரும்பாது, எங்காவது பெயரைப் போட்டு எழுதினால் சைபர் லைபல் போடுவோம் என்றான். பிலிப்பைன்ஸில் இணைய அவதூறு கிரிமினல் குற்றம், 2012 சைபர் கிரைம் சட்டத்தில் இருக்கிறது. வழக்கு நிற்குமா என்பது வேறு, அலைய விடலாம். பெயர் போடாததற்கு அதுதான் காரணம். இ-வாலட் ஹெல்ப்லைனில் கேட்டால் பணத்தை நீங்களாகத்தானே அனுப்பினீர்கள் என்று ஒரு டிக்கெட் எண் கொடுத்து வைத்துவிட்டார்கள்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஸ்லாட்டை நீங்களே எடுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை வரை காத்திருக்காதீர்கள். தனிநபர் எண்ணுக்குக் காசு அனுப்பாதீர்கள். ஒட்டிய உறை யார் கொடுத்தாலும் முதலில் கிழித்துப் பாருங்கள். இன்சூரன்ஸை (குறைந்தது 30,000 யூரோ கவரேஜ் வேண்டும்) கம்பெனியிடமே நேராக வாங்குங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1326-க்கு அடியுங்கள், அது சைபர் மோசடி ஹாட்லைன். பத்து லட்சம் பெசோ வரை ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம், ஆனால் எதிராளியின் முகவரி வேண்டும். எங்களிடம் இருப்பது பூட்டிய ஒரு கதவு.

போலீஸ் தலைமையகமான கேம்ப் கிராமேயில் சைபர் கிரைம் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். இன்னொன்று: அதே சுவர், அதே பாஸ்போர்ட் படங்களோடு வேறு பெயரில் ஒரு பக்கம் இன்று காலை கண்ணில் பட்டது. இந்தத் தடவை கொரியா விசாவாம். இதே மாதிரி யாராவது பணம் கட்டியிருந்தால் ரசீதின் படத்தோடு எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். அந்த இ-வாலட் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்துச் சேர்ந்தே புகார் கொடுப்போம்.