வெட்பாலைத் தைலமும் என் பொடுகும்

பொடுகுக்கும் தலை அரிப்புக்கும் வெட்பாலைத் தைலத்தைச் சில ஆண்டுகளாகத் தேய்த்துவருகிறேன். அரிப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. செதில் உதிர்வதும் பெருமளவு அடங்கியிருக்கிறது. ஆனால் முற்றிலும் போய்விடவில்லை. தைலத்தை நிறுத்தினால் சில வாரங்களில் மெல்லத் தலைகாட்டுகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே வாரத்தில் பொடுகு ஒழியும் என்று அட்டையில் அச்சடித்து விற்கும் எண்ணெய்களை நம்பிப் பணத்தை விடுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

நான் சேலத்தில் வழக்கறிஞர். வீட்டிலிருந்து நீதிமன்றம் வரை ஹெல்மெட், அதைக் கழற்றியதும் கறுப்புக் கோட். வேர்வை காய்வதற்குள் தலை நமைக்கத் தொடங்கிவிடும். கோட்டின் தோளில் வெள்ளைத் துகள் விழுந்தால் எதிரில் நிற்பவர் கண் அங்கேதான் போகும். கட்சிக்காரர் தன் குடும்பத் துயரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தலையைச் சொறிவது எவ்வளவு அநாகரிகமாகத் தெரியும் என்பது இந்தத் தொல்லை உள்ளவர்களுக்குப் புரியும்.

முதலில் தோல் மருத்துவரிடம்தான் போனேன். மலசீசியா என்ற நுண்ணிய பூஞ்சை எல்லோர் தலையிலும் குடியிருக்கிறது. தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசைதான் அதற்கு உணவு. அதைச் சிதைக்கும்போது உண்டாகும் ஒலியிக் அமிலம் சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் அரிப்பும் செதிலும் வருகின்றன என்று விளக்கினார். 2 சதவீத கீட்டோகொனசோல் ஷாம்பு எழுதித் தந்தார். நுரையைத் தலையில் மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு அலச வேண்டும், வாரம் இருமுறை. நன்றாகவே கேட்டது. ஆனாலும் எனக்குத் தலைத்தோல் வறண்டு இழுத்துப் பிடித்தது. அரிப்பு வேறொரு வகையில் தொடர்ந்தது.

அந்த நிலையில்தான் அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவுக்குப் போனேன். தலையை வகிடு பிரித்துப் பார்த்த வைத்தியர் வெட்பாலைத் தைலம் தந்து, "தம்பி, இது தேய்த்துக் குளிக்கிற எண்ணெய். தலையிலேயே வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிற எண்ணெய் இல்லை" என்றார். இத்தனை காலத்தில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் இதற்கு ஈடு இல்லை. பூஞ்சைக்கு எண்ணெய்ப்பசை உணவு என்று தோல் மருத்துவர் சொன்னதும் இவர் சொன்னதும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைக் கவனியுங்கள். பொடுகு என்றாலே தலை காய்ந்துவிட்டது, எண்ணெயைத் தடவு என்று நம் வீடுகளில் சொல்வார்கள். தடவிய எண்ணெயை அலசாமல் நாள்கணக்கில் விட்டால் தொல்லை கூடத்தான் செய்யும்.

வெட்பாலை நம் பக்கத்துக் குன்றுகளில் தானாக வளரும் சிறு மரம். கர்நாடகத்தின் சென்னபட்டணத்து மரப்பொம்மைகளைக் கடைவது இதன் மரத்தில்தான். இலையைக் கிள்ளினால் பால் வடியும். அந்த இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து எடுப்பதுதான் தைலம். சூரிய புடம் என்பார்கள். அடுப்பே வேண்டாம். செதில் உதிரும் தோல் நோயான சோரியாசிசுக்கு 777 எண்ணெய் என்ற பெயரில் விற்பதும் இதே சேர்க்கைதான்.

கடைத் தைலம் தீர்ந்த ஒரு கோடையில் அம்மா வீட்டிலேயே போட்டார். இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. இலையைக் கழுவி, துணியில் ஒற்றி, ஈரம் துளியும் இல்லாமல் நிழலில் உலர்த்துவார். ஈரம் இருந்தால் எண்ணெயில் சிக்கு வாடை வந்துவிடும். பிறகு கிள்ளிக் கண்ணாடி ஜாடியில் போட்டு, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயை இலை மூழ்கும்படி ஊற்றி, வாயை மெல்லிய துணியால் கட்டி மாடியில் வைப்பார். முதலில் இலையைச் சுற்றி மட்டும் இளஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும். வெயில் ஏற ஏற எண்ணெய் முழுவதும் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறி, ஒரு வாரத்தில் ஜாடிக்கு அந்தப் பக்கம் விரலை வைத்தால் தெரியாத அளவுக்குக் கறுத்த ஊதாவாகிவிடும். முன்பு இந்த இலையிலிருந்து நீலச்சாயமே எடுத்திருக்கிறார்கள். ஜாடியைப் பார்த்தவர்களுக்கு அதில் வியப்பிருக்காது.

இலை பறிக்கப் போகிறவர்கள் மரத்தைத் தெரிந்தவரோடு போக வேண்டும். குடசப்பாலை பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். வெட்பாலையின் காய்கள் இரட்டையாக, இளம் பருவத்தில் நுனி இரண்டும் ஒட்டிக்கொண்டு வளையம்போல் தொங்கும். குடசப்பாலையின் காய்கள் ஒட்டாமல் தனித்தனியாக இருக்கும்.

நான் தேய்க்கும் முறை எளிது. தலைக்குக் குளிக்கும் நாளில், குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு, வகிடு வகிடாகப் பிரித்துத் தோலில் மட்டும் விரல் நுனியால் தடவுகிறேன். முடிக்கு எண்ணெய் தேவையில்லை. நகம் படக் கூடாது. சொறிந்து புண்ணான இடத்தில் எதையும் தடவக் கூடாது. செதில் ஊறி இளகியிருக்கும்போது அகலப் பல் சீப்பால் மெல்ல ஒருமுறை வாரினால் உரிந்து வந்துவிடும். பிறகு ஷாம்பு போட்டுப் பிசுக்கு போக அலசுவேன். சீயக்காய் போட்டும் பார்த்தேன். அதன் துகள் தோலில் தங்கி எனக்கு நமைச்சலைக் கூட்டியது. சிலருக்கு அரப்பு ஒத்துவரலாம். இரவு முழுக்க ஊறவிடுவதை நான் செய்வதில்லை. தலை நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஹெல்மெட்.

பலன் தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. முதலில் குறைந்தது அரிப்புதான். செதில் அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் குறைந்தது. மழைக்காலத்தில் தலை காயாமல் புழுங்கும்போது பொடுகு மறுபடி எட்டிப்பார்க்கிறது. அப்போது மட்டும் கீட்டோகொனசோல் ஷாம்புவைச் சில முறை சேர்த்துக்கொள்கிறேன். தோல் மருத்துவருக்கும் இது தெரியும். இரண்டில் ஒன்றைத்தான் நம்ப வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். என் தலைக்கு இரண்டும் தேவைப்படுகின்றன.

குறைகளும் உண்டு. இந்த ஊதா எதில் பட்டாலும் போகாது. தலையணை உறை, வெள்ளைச் சட்டையின் காலர், குளியலறைச் சுவர் என்று எதுவும் தப்பாது. இதற்கென்றே ஒரு பழைய அடர்நிறத் துண்டு வைத்திருக்கிறேன். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும்; மார்கழிக் காலையில் பாட்டிலைச் சூடான நீரில் நிறுத்தித்தான் ஊற்ற முடியும்.

கேரள ஆயுர்வேதக் கடைகளில் பொடுகுக்குத் துர்தூரபத்ராதி என்ற தைலம் கேட்டால் கிடைக்கும். நண்பர் தந்து ஒரு பாட்டில் பயன்படுத்தினேன். அரிப்பை அடக்குவதில் வெட்பாலைக்குச் சளைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அது ஊமத்தை இலையில் செய்வது. ஊமத்தை நஞ்சு, கை கழுவாமல் கண்ணைத் தொட்டால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. வாங்குகிறவர்கள் வைத்தியரைக் கேட்டு வாங்குங்கள்.

உதிர்வதெல்லாம் பொடுகு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் சித்தப்பாவுக்குச் செதில் தடித்து, வெள்ளி நிறத்தில், முடி எல்லையைத் தாண்டி நெற்றிக்கும் காதுக்குப் பின்னாலும் இறங்கியிருந்தது. பொடுகு என்றே நினைத்திருந்தார். மருத்துவர் பார்த்துச் சோரியாசிஸ் என்றார். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்று சொல்வது. அதற்கும் வெட்பாலை கொடுக்கிறார்கள். ஆனால் வைத்தியர் பார்வையில்தான் எடுக்க வேண்டும். முடிச்சாயம் போட்ட பிறகு அரிப்பு தொடங்கினால் சாயத்தைச் சந்தேகியுங்கள். பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைகள் காதோரம் சொறிந்தால் முதலில் பேன் பாருங்கள். நீர் வடிந்தாலோ வட்டமாக முடி கொட்டினாலோ எந்த எண்ணெயும் தொடாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கடையில் வாங்குகிறவர்கள் நிறத்தைப் பாருங்கள்; வெளிறிய சிவப்பாக இருந்தால் இலை குறைவு. உரிம எண், தயாரித்த தேதி, சேர்மானப் பட்டியல் மூன்றும் அட்டையில் இருக்க வேண்டும். இம்ப்காப்ஸ், டாம்ப்கால் போன்ற கூட்டுறவு, அரசு நிறுவனங்களின் கடைகளில் கேட்டுப் பாருங்கள். முதல்முறை முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பொறுத்து, தடிப்பு வரவில்லை என்றால் தலைக்குத் தேயுங்கள்.