விவேகானந்தர் பாறை நினைவிடம்: தியான மண்டபத்துக்கு முதலில் போங்கள்

சூரிய உதயம் பார்த்து, டிபன் முடித்து, பத்து மணிக்கு மேல் படகுத்துறைக்கு வருவதுதான் கன்னியாகுமரியில் பலரின் வழக்கம். அதற்குள் வரிசை நீண்டுவிடுகிறது, பாறையில் அமைதியும் போய்விடுகிறது. உதயம் முடிந்ததும் நேரே வரிசைக்கு வந்துவிடுங்கள். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகுகள் வழக்கமாகக் காலை 8 மணிக்குக் கிளம்பும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் மிக அதிகம். கடல் கொந்தளித்தாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ படகு ஓடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் தாழ்ந்து படகு தாமதமாகலாம்; அப்போது போவதானால் ஊர் திரும்பும் ரயிலை இரவுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இறங்கியதும் எல்லோரும் சபா மண்டபத்து விவேகானந்தர் சிலையைப் பார்க்க ஓடுவார்கள். நீங்கள் தியான மண்டபத்துக்குப் போங்கள். மங்கலான வெளிச்சம், எதிரே ஓங்கார வடிவம், பேச்சுக்கு இடமில்லை. வாசலை ஒட்டி உட்கார்ந்தால் நடமாட்டம் தொந்தரவு செய்யும், தள்ளி உட்காருங்கள். குடும்பமாக வந்தவர்கள் இங்கே மட்டுமாவது ஆளுக்கொரு பக்கம் பிரிந்து உட்காரலாம்.

உட்காரும் முன் ஒன்றைத் தெரிந்துகொண்டால் அந்த நேரத்துக்கு மதிப்பு கூடும். 1891 ஜனவரி இறுதியில் விவேகானந்தர் மீரட்டில் தம் சகோதரத் துறவிகளை (ராமகிருஷ்ணரின் மற்றச் சீடர்களை) விட்டுப் பிரிந்து தனியே நடக்கத் தொடங்கினார். அவர்களில் ஒருவரான அகண்டானந்தர் விடாமல் தேடிக்கொண்டே போய், குஜராத்தின் கட்ச் பகுதி மாண்ட்வியில் அவரைப் பிடித்தார். அவரிடமும் தனியே போகவே விரும்புவதாக விவேகானந்தர் சொன்னார். அப்படித் துணை வேண்டாம் என்று வந்தவர், 1892 டிசம்பரில் இந்தப் பாறையில் மூன்று நாள் இருந்தபோது அவருக்குத் தோன்றியதோ துறவிகள் ஒன்றுசேர்ந்து ஊர் ஊராக ஏழைகளுக்குக் கல்வி கொண்டுபோகும் திட்டம். 1894 மார்ச்சில் சிகாகோவிலிருந்து இன்னொரு சகோதரத் துறவியான ராமகிருஷ்ணானந்தருக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்கிறார். 1897 மே 1 அன்று ராமகிருஷ்ண மிஷன் உருவானது. தனிமையைப் போற்றும் இடமாக மட்டும் இந்தப் பாறையைப் பார்ப்பது போதாது என்பது எங்கள் கருத்து. நினைவிடமே, அதைக் கட்ட முன்னின்ற ஏகநாத் ரானடே நாடெங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாயாகத் திரட்டிய நன்கொடையில் எழுந்தது; திறந்தது 1970 செப்டம்பர் 2.

பிறகு சபா மண்டபம். சிலையின் பார்வை எதிரே, தேவி கன்னியாகுமரியின் பாதத்தடம் இருக்கும் ஸ்ரீபாத மண்டபத்தில் படும்படி அமைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே நின்று பாருங்கள், அழகு புரியும்.

குறை என்றால் கூட்டம்தான். வள்ளுவர் சிலைக்குப் போகும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறந்த பிறகு, பலர் பாலத்துக்காகவே வருகிறார்கள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். உச்சி வெயிலில் கல் சுடும், மழையில் வழுக்கும். முதியவர்களுக்குக் காலைதான் ஏற்றது. கரை திரும்பவும் வரிசை உண்டு, அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

விவேகானந்தரின் பாரதப் பயணத்தைச் சொல்லும் கண்காட்சியை விவேகானந்த கேந்திரம் ஊருக்குள் நடத்துகிறது. முந்தின நாள் மாலையே அதைப் பார்த்துவிடுங்கள்.