அறுகா, செயற்கையா, கலப்பா? யாழ்ப்பாண மைதானங்களுக்கு மூன்று வகைப் புல்லின் மதிப்பீடு

முழு அளவான உதைபந்தாட்ட மைதானம் 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம். 7,140 சதுர மீற்றர். சித்திரை வெயிலில் புல்லுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் தண்ணீர் என்று வைத்தால் 35,700 லீற்றர். 5,000 லீற்றர் பவுசரில் ஏழு நடை. இந்தக் கணக்கைக் கேட்டதும் பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "பிளாஸ்ரிக் புல்லைப் போட்டுவிட்டால் தண்ணிச் செலவே இல்லையே" என்பார். வெளிநாட்டிலிருந்து காசு வரும் என்று இன்னொருவர் சொல்வார். தீர்மானம் நிறைவேறிவிடும். அதற்கு முன் மூன்று வகையையும் எங்கள் மண், கிணறு, வெயில், ஆடும் மணித்தியாலம் ஆகிய நாலிலும் உரசிப் பார்ப்பது நல்லது. விலைகள் டொலரோடு ஏறி இறங்குவதால் இங்கே அளவுகளை மட்டும் தருகிறோம். விலைமனு கையில் வந்ததும் பெருக்கிக் கொள்ளலாம்.

இயற்கைப் புல் என்றால் இங்கே அறுகு. பிள்ளையாருக்குச் சாத்தும் அதே புல்தான் வெப்ப நாடுகளின் விளையாட்டு மைதானங்களையும் தாங்கி நிற்கிறது. நிலத்துக்கு மேலும் கீழும் கொடி ஓட்டுவதால், பூட்ஸ் முள் கிழித்த இடத்தைத் தானே தைத்துக் கொள்ளும். உப்பையும் ஓரளவு தாங்கும்: வேர் மண்டலத்தில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 6.9 டெசிசீமன்ஸ் வரை வளர்ச்சி பெரிதாகக் குன்றாது. கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய்ச் செம்மண்ணில் இது சுலபமாகப் பிடிக்கும். கரையோரத்திலும் தீவகத்திலும் கிணறு உவர்ப்பானால் கடற்கரைப் பஸ்பலம் என்ற புல்லை யோசிக்கலாம். 2022 உலகக் கிண்ணத்துக்குக் கட்டார் மைதானங்களில் வளர்த்தது அந்த இனத்தின் ஒரு வகையைத்தான். எதைத் தேர்ந்தாலும் தண்ணீர்ப் பரிசோதனையைப் புரட்டாதியில் செய்யுங்கள். தை மாதத்துக் கிணற்றுத் தண்ணீர் எல்லா ஊரிலும் தேன்தான்.

நடுகைக்கு விதை தேட வேண்டாம். நல்ல அறுகுத் தண்டுகளை 15 முதல் 20 சென்ரிமீற்றர் இடைவெளியில் வரிசையாகப் புதைத்து, மெல்லியதாக மண் போட்டு, அழுத்தி, மண் காயாமல் நனைத்தால் 8 முதல் 12 வாரங்களில் மூடிவிடும். வடிகால் நல்ல செம்மண் என்றால் ஐப்பசியின் முதல் மழையோடு நடலாம். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முன் பிடித்துவிடும். வெள்ளம் நிற்கும் தாழ்ந்த நிலம் என்றால் தை வரை பொறுக்க வேண்டும். அந்த ஆண்டு மெய்வல்லுநர் போட்டிக்கு வேறு இடம் பார்க்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

பிறகுதான் வேலை. வெட்டும் உயரம் 25 மில்லிமீற்றர், ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. லீவுக்கு விட்டுவிட்டு, முழங்கால் வரை வளர்ந்ததைத் தோளில் மாட்டும் இயந்திரத்தால் மொட்டையடித்தால் கபில நிறத் தண்டுதான் மிஞ்சும். அது பச்சையாக மூன்று வாரம் பிடிக்கும். 100 சதுர மீற்றருக்கு அரைக் கிலோ யூரியா போதும். முழு மைதானத்துக்கு ஏறத்தாழ 36 கிலோ, வளரும் காலத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. மழைக்கு முதல் நாள் அள்ளி எறிவதை நிறுத்துங்கள். எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. புல் குடிக்காத நைத்திரேற்று நேரே கிணற்றுக்குப் போகும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லை, அதைத் தாண்டிய கிணறுகள் குடாநாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன.

தண்ணீரையும் தினமும் தெளிக்கத் தேவையில்லை. வேர் பிடித்த அறுகுக்கு வாரம் இரண்டு தடவை, ஒவ்வொன்றும் 12 முதல் 15 மில்லிமீற்றர் ஆழமாகக் கொடுத்தால் ஆடலாம். அதாவது வாரத்துக்கு ஏறக்குறைய 2 இலட்சம் லீற்றர். முதலில் சொன்ன கணக்கை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆட்டமே இல்லாத ஆவணியில் அதிலும் பாதி காணும். மேல் காய்ந்தாலும் அடிக்கொடி உயிரோடு இருக்கும். சோளகக் காற்று அடிக்கும் பகலில் ஸ்பிறிங்ளர் போடுவது காற்றுக்குத் தண்ணீர் வார்ப்பது. விடிய முன் போடுங்கள்.

இயற்கைப் புல் பழுதாவதற்குக் காரணம் பெரும்பாலும் அளவுக்கு மீறிய ஆட்டம். நன்றாகப் பராமரித்த அறுகு மைதானம் வாரம் 10 முதல் 15 மணித்தியாலம் தாங்கும். நான்கு வயதுப் பிரிவுகளின் பயிற்சி, உடற்கல்விப் பாடங்கள், பின்னேரம் ஊர்க்கழகம் எல்லாம் சேர்த்தால் 25ஐத் தாண்டும். கோல் வாயில், மத்திய வட்டம், துணை நடுவர் ஓடும் கரை ஆகிய இடங்கள்தான் முதலில் மொட்டையாகும். கோல் கம்பங்களை நகர்த்தக் கூடியதாகச் செய்து பயிற்சியை மாற்றி மாற்றி வைத்தாலே தேய்மானம் பெரிதாகக் குறையும். காசு செலவில்லாத இந்த வேலையைத்தான் ஒருவரும் செய்வதில்லை. மற்றது றோலர் மோகம். மழை விட்டதும் செம்மண்ணில் றோலரை ஓட்டினால் மண் இறுகி, அடுத்த மழை மேலேயே நிற்கும். அதற்குப் பதிலாக 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்பு முள்ளுகளால் 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குத்தி, துளையை மணலால் நிரப்ப வேண்டும். குதிக்கால் 2 சென்ரிமீற்றர் புதைந்தால் அன்று ஆட்டம் இல்லை என்று ஒரு விதி இருந்தால் பாதி மைதானங்கள் தப்பும். கோடு போடக் கழிவு ஒயில் ஊற்றுவது, கட்டாக்காலி மாடு, நெருஞ்சி ஆகியவற்றைத் தனியே விளக்கத் தேவையில்லை. நெருஞ்சியைப் பூக்க முன் கையால் பிடுங்குவதுதான் மருந்து. காய் உதிர்ந்த பிறகு பந்துக்கும் காலுக்கும் பல மாதம் தண்டனை.

இனிச் செயற்கைப் புல். 1966இல் அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரத்து மூடிய அரங்கில் கூரையின் ஒளிபுகும் பிளாஸ்ரிக் தகடுகளுக்கு வண்ணம் பூசியதால் உள்ளே புல் செத்துப்போக, அதற்கு மாற்றாக வந்து பெயர் பெற்ற பொருள் இது. வெளிச்சம் இல்லாத இடத்துக்கு வந்ததை வெயில் கொளுத்தும் இடத்துக்குக் கொண்டுவருகிறோம் என்பதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். இன்றைய உதைபந்தாட்ட வகையில் 40 முதல் 60 மில்லிமீற்றர் இழை, அடியில் மணல், அதன்மேல் றப்பர் துகள். றப்பர் சதுர மீற்றருக்கு 10 கிலோ என்று வைத்தாலே முழு மைதானத்துக்கு 71 தொன்.

இதன் பலம் மணித்தியாலம்தான். சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் சாதாரணத் தர முத்திரை பெற்ற தரை வாரம் 40 மணித்தியாலத்துக்கு மேல் உழைக்க வடிவமைக்கப்பட்டது. மார்கழி மழையிலும் சேறில்லை. பலவீனம் வெப்பம். நல்ல வெயிலில் இழையின் மேற்பரப்பு 60 பாகை செல்சியசைத் தாண்டுவது சாதாரணம். பக்கத்து அறுகு 35ஐ ஒட்டியிருக்கும், ஏனென்றால் அது வியர்க்கிறது. பிளாஸ்ரிக்குக்கு வியர்வை இல்லை. தண்ணீர் அடித்தால் குளிரும், ஆனால் ஒரு மணித்தியாலத்துக்குள் பழையபடி. தண்ணீர்ச் செலவே இல்லை என்றவருக்கு இதைச் சொல்லிவிடுங்கள். பாடசாலைப் பயிற்சி பின்னேரம் இரண்டரைக்குத் தொடங்குகிறது. வெறுங்காலோடு வரும் பொடியன்களும் இருக்கிறார்கள். இதை யோசிக்காமல் திறந்தவெளியில் 7,000 சதுர மீற்றர் போடுவது பிழை என்பதே எங்கள் கருத்து.

மற்றப் பழுதுகள் தரைக்கு அடியில் தொடங்கும். இறுக்கிய கல் அடித்தளம் 15 முதல் 20 சென்ரிமீற்றர், சாய்வு நூற்றுக்கு ஒன்றுக்குக் கிட்ட, மூன்று மீற்றர் நேர்ப்பலகையை வைத்தால் இடைவெளி 10 மில்லிமீற்றருக்கு மேல் வரக் கூடாது. செலவைக் குறைக்க இங்கேதான் கை வைப்பார்கள். பிறகு கார்த்திகை வெள்ளம் றப்பரை அள்ளிக்கொண்டு வேலிக் கரையில் குவிக்கும், மைதானம் மேடு பள்ளமாகும். வாரம் ஒரு தடவை தூரிகை இழுத்து இழையை நிமிர்த்தி, கோல் வாயிலுக்கும் பெனால்ரிப் புள்ளிக்கும் துகளை நிரப்பாவிட்டால் இழை படுத்து இறுகும். தரை கல்லாகும், முழங்காலும் கணுக்காலும் அதை உணரும். பக்கத்தில் வேம்பு நின்றால் பூவும் சருகும் மக்கி வடிகாலை அடைக்கும். நீண்ட முள்ளுப் பூட்ஸ் இதில் மாட்டிக்கொள்ளும். குட்டை முள்ளுச் சப்பாத்தே பொருத்தம்.

ஏறத்தாழப் பத்து ஆண்டில் ஆயுள் முடிகிறது. மணல், றப்பர், விரிப்பு சேர்ந்து இருநூறு தொன்னை நெருங்கும் குப்பையை யாழ்ப்பாணத்தில் எங்கே கொண்டுபோவது? எரித்தால் ஊரே இரும வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த நுண்பிளாஸ்ரிக் விதி, இந்தத் துகள் விற்பனையை எட்டு ஆண்டு அவகாசத்தோடு நிறுத்துகிறது. நெதர்லாந்தின் முதற்தரச் சுற்றுப்போட்டியில் 2025-26 பருவத்திலிருந்து செயற்கைப் புல்லுக்கு இடமில்லை. அங்கே வேண்டாம் என்று கழிக்கப்படும் சரக்கு மலிவு விலையில் இந்தப் பக்கம் வரக்கூடும், கவனம்.

இரவில் மின்வெளிச்சத்தில் ஐந்து பேர் அணிகள் ஆடும் சிறிய தளத்துக்கு மட்டும் செயற்கைப் புல்லை மனதார சிபாரிசு செய்யலாம். வெயில் இல்லை, பரப்பு 600, 800 சதுர மீற்றர், வாரம் 40 மணித்தியாலம் வாடகைக்குப் போகும். கணக்கு சரிவரும்.

கலப்புப் புல்லைப் பற்றித்தான் அதிகம் தவறாகப் பேசப்படுகிறது. பாதி பிளாஸ்ரிக், ஆகவே பாதிப் பராமரிப்பு என்று நினைக்கிறார்கள். தைக்கும் வகையில் பிளாஸ்ரிக் இழை நூற்றுக்கு ஐந்தளவுதான்: 2 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக, ஏறத்தாழ 18 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இயந்திரம் இழையைச் செருகும், உண்மைப் புல்லின் வேர் அதைச் சுற்றிப் பிடிக்கும். மிச்சமெல்லாம் புல். தண்ணீர், உரம், வெட்டு, நோய் எல்லாம் முழுதாக உண்டு, மேலதிகமாக ஆண்டுக்கொரு தடவை மேற்படையைச் சுரண்டி எடுத்து மீண்டும் வளர்க்கும் வேலையும் உண்டு. அதற்கு இயந்திரம் வேறு. 2018 உலகக் கிண்ண இறுதிப் போட்டி நடந்த மொஸ்கோ லுஸ்னிகி அரங்கின் தரை இந்த வகை. ஆட்டத் தரத்தில் மூன்றிலும் இதுவே மேல் என்பதில் மறுப்பில்லை.

ஆனால் இதற்கு அடியில் 30 சென்ரிமீற்றர் சுத்தமான மணல் வேர்ப்படை வேண்டும். 7,140 சதுர மீற்றருக்கு 2,142 கனமீற்றர். எங்கள் கணக்கில் 756 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). மூன்று கியூப் ரிப்பரில் 250 நடைக்கு மேல். வடமராட்சி கிழக்கில் மணல் அள்ளுவதற்கு இருக்கும் எதிர்ப்பும் அனுமதிச் சிக்கலும் தெரிந்தவர்கள் இந்த எண்ணிக்கையை இரண்டாம் தடவை வாசிப்பார்கள். கடற்கரை மணல் என்றால் உப்பைக் கழுவ வேண்டும், சிப்பித் துகளின் சுண்ணாம்பு இரும்புச்சத்தைக் கட்டிவைத்துப் புல்லை மஞ்சளாக்கும். மணல் தண்ணீரையும் பிடித்து வைக்காது; மோட்டர் இரண்டு நாள் பழுதானால் வாடல் தொடங்கும்.

இன்னொன்று. தைக்கும் தொழில்நுட்பம் குளிர்நாட்டு றை புல்லுக்காக வளர்ந்தது. அந்தப் புல் பற்றையாக வளரும், கொடி ஓட்டாது, பிடுங்கினால் பள்ளம். அறுகு தன்னைத் தானே பின்னிக்கொள்ளும் புல். ஆகவே இங்கே கலப்பால் வரும் மேலதிக நன்மை ஐரோப்பாவில் வருவதை விடக் குறைவு. வேண்டுமானால் கோல் வாயில் இரண்டிலும் மட்டும், நுண் இழைகளை மணலோடு கலந்து 10 சென்ரிமீற்றர் படையாகப் போட்டு அறுகு நடலாம். ஒரு பக்கம் 20க்கு 6 மீற்றர் என்றால் இரண்டுக்கும் சேர்த்து 24 கனமீற்றர், எட்டரைக் கியூப். இது எட்டக் கூடிய வேலை.

துடுப்பாட்ட ஆடுகளம் தனிக் கதை. 20.12 மீற்றருக்கு 3.05 மீற்றர், 15 சென்ரிமீற்றர் களிமண் என்றால் 9 கனமீற்றர் சொச்சம். மூன்றேகால் கியூப் முருங்கன் களி. இவ்வளவு சிறிய பரப்பில் கலப்பு முறைக்கு அர்த்தம் உண்டு. இந்தியாவின் தர்மசாலாவில் 2024 மே மாதம் அறிமுகப்படுத்திய ஆடுகளமும் நூற்றுக்கு ஐந்தளவு இழை கொண்டதுதான். வெடிப்பு விரிவதை இழை தடுக்கும், ஒரே ஆடுகளத்தில் கூடுதல் நாள் ஆடலாம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் வடக்கின் பெருஞ்சமர் நடக்கும் மார்ச் மாத வறட்சியில் களி எப்படி வெடிக்கும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் தண்ணீர் கட்டி, நிழலில் உலர்த்தி, கட்டம் கட்டமாக றோலர் போடத் தெரிந்த ஆள் முதலில் வேண்டும். றோலரின் இடம் இதுதான், வெளிமைதானம் அல்ல.

சிறிய இரவுத் தளத்துக்குச் செயற்கைப் புல் வாங்கத் தீர்மானித்தவர்கள் விலைமனுவில் சிலவற்றைப் பார்க்க வேண்டும். தோட்டத்துக்கு விரிக்கும் 20, 30 மில்லிமீற்றர் அலங்காரப் புல்லையும் அதே பெயரில் விற்கிறார்கள்; அது ஒரு பருவத்தில் வழுக்கையாகும். விளையாட்டு வகை சுருள் பொதுவாக 4 மீற்றர் அகலம். ஆகவே 20 மீற்றர் அகலத் தளத்துக்கு ஐந்து சுருள், நான்கு பொருத்து. 2 மீற்றர்ச் சுருள் என்றால் பொருத்து ஒன்பது, பிரியும் இடமும் ஒன்பது. பொருத்துக்கு 30 சென்ரிமீற்றர் நாடாவும் இரண்டு பாகம் கலக்கும் பொலியூரித்தேன் பசையும் கேளுங்கள். பனி ஈரத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் ஒட்ட விடாதீர்கள்; பசை பிடிக்காது. புற ஊதாக் கதிர்ப் பரிசோதனையும் இழை பிடுங்கும் விசைப் பரிசோதனையும் எழுத்தில் வேண்டும். வேலை முடிந்ததும் மிஞ்சும் துண்டை ஒப்பந்தக்காரர் ஏற்றிக்கொண்டு போக விடாமல், சுருட்டி, வெயில் படாத அறையில் வையுங்கள். மூன்று ஆண்டு கழித்து கோல் வாயிலில் ஒட்டுப்போட வேறு தொகுதிச் சுருள் வாங்கினால் பச்சை ஒத்துவராது.