பளபளப்பா, மேட்டா? பழைய பிரேயர் குதிரைகளில் எதை வாங்குவது

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொலுவில் ஒரு படி முழுக்க பிரேயர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பொம்மைக் குதிரைகள். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்குப் பக்கத்தில் அவை நிற்பதைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, “இது பீங்கானா?” என்றுதான். பிளாஸ்டிக்தான், செல்லுலோஸ் அசிடேட் என்ற பழைய வகை. போன மாதம் அக்கா மகன், “மாமா, நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். பளபளப்பு வாங்கவா, மேட் வாங்கவா?” என்று கேட்டான். மேட் என்றால் மினுமினுப்பு இல்லாத மங்கல் பூச்சு. அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சிகாகோவில் இருந்த பிரேயர் மோல்டிங் கம்பெனி 1950-இல் ஓர் அலங்காரக் கடிகாரத்துக்காகக் குதிரை செய்து கொடுத்தது. செய்த வேலைக்கு ஈடாக அச்சு அவர்களிடமே தங்கிவிட்டது. அதே அச்சில் தனியாக வார்த்து விற்றதுதான் ‘வெஸ்டர்ன் ஹார்ஸ்’. ஒரே அச்சு, பல நிறம் என்பதுதான் இந்தச் சேகரிப்பின் உயிர்.

‘ஃபேமிலி அரேபியன்’ பெட்டைக் குதிரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960களின் தொடக்கத்தில் வந்தவை பளபளப்பு, பின்னால் வந்தவை மேட். உடம்பு ஒன்றேதான், ஆனால் கையில் எடுத்தால் இரண்டு வேறு குதிரைகள். மேட்டில் தசை மடிப்பும் நரம்பும் நன்றாகத் தெரியும். செம்பழுப்பு உடம்பும் கறுப்புப் பிடரியுமாக நிற்கிற மேட் குதிரை நிஜக் குதிரை மாதிரியே இருக்கும். குறை என்னவென்றால், காது நுனி, வால் நுனி, குளம்பு விளிம்பு ஆகிய இடங்களில் நிறம் சீக்கிரம் தேய்ந்து வெள்ளைப் பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும். அடிக்கடி தொடும் முதுகில் விரல் எண்ணெய் ஏறி, அங்கே மட்டும் மினுமினுக்கும். பளபளப்பில் கீறல் பளிச்சென்று தெரியும்தான். ஆனால் தூசியோ ஈரமோ படிந்தால், மெல்லிய பருத்தித் துணியால் ஒரு தடவு தடவினால் போதும். நம் ஊர்க் காற்றுக்கு எனக்குப் பளபளப்புதான் சரி. அதிலும் வெள்ளை வேண்டாம், நாளாக ஆக மஞ்சளாகிவிடும். கரிநிற உடம்பும் வெள்ளைப் பிடரியும் கொண்ட ‘சார்கோல்’ கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

அப்புறம் ‘டெக்கரேட்டர்’ நிறங்கள். நீலத்தில் வெள்ளைப் புள்ளி வைத்தது ‘கோபன்ஹேகன்’, பொன்னிறத்தில் புள்ளி வைத்தது ‘ஃப்ளாரன்டைன்’. இவை 1960களில் விற்கவே இல்லை. நிஜக் குதிரை கேட்ட அமெரிக்கப் பிள்ளைகளுக்கு நீலக் குதிரை ஒட்டவில்லை. அன்று விலை போகாததாலேயே இன்று அரிது, விலையும் எட்டாது. ஆனால் அய்யனார் கோயில் வாசலில் நீலமும் சிவப்புமாய் நிற்கும் குதிரைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது கொஞ்சமும் விசித்திரம் இல்லை. படத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது, தெரிந்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

ஹார்ட்லேண்ட் என்ற இன்னொரு நிறுவனத்தின் குதிரைகளும் அதே காலத்து அமெரிக்கச் சரக்குதான், விஸ்கான்சினிலிருந்து வந்தவை. கௌபாய் சவாரியாளர்களோடு வந்தவை அழகு. ஆனால் தொப்பி, துப்பாக்கி, சேணம் எல்லாம் கழற்றக்கூடியவை. ஒன்று தொலைந்தாலும் மதிப்பு இறங்கும், அந்தத் துண்டை இங்கே எங்கே போய்த் தேடுவது? முதல் குதிரைக்கு பிரேயரே போதும்.

நிறத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வெப்பமும் ஈரமும் செல்லுலோஸ் அசிடேட்டுக்கு எமன். நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்லி ஒருவர் அனுப்பிய குதிரையின் பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி முகத்தில் அடித்தது. வயிற்றுத் தையல் கோட்டில் பிசுபிசுப்பு, முன்னங்கால் இரண்டும் வளைந்திருந்தன. பிளாஸ்டிக் சிதையத் தொடங்கினால் அதிலிருந்து அசெட்டிக் அமிலம் வரும், அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். பக்கத்தில் இருப்பவற்றையும் விடாது. அன்றே அதைத் தனி அறைக்கு மாற்றினேன். சில பிரேயர்கள் இப்படிச் சிதைந்து சுருங்குவதால் ‘ஷ்ரிங்கி’ என்றே பெயர் வாங்கியவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் என் அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கும். அவ்வப்போது கதவைத் திறந்து காற்றாட விடுவேன். அந்துருண்டை மட்டும் வைக்க மாட்டேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா மகன் என் கரிநிறப் பெட்டையை மெதுவாகத் தூக்கினான். பின்னங்காலின் உட்பக்கம் இருக்கிற பிரேயரின் வட்ட முத்திரையைத் தேடுவான் என்று நினைத்தேன். அவன் முதலில் அதன் வயிற்றை முகர்ந்து பார்த்தான்.